திரும்பும் கோட்டின் மின்சாரம்

பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றின் பின்பலகையைக் கழற்றினால், தூசிக்கும் சிலந்தி வலைக்கும் நடுவே, ஒரு மூலையில் துளையிட்ட தகரக் கூண்டு தென்படும். மற்ற உறுப்புகள் எல்லாம் திறந்து கிடக்க, இது மட்டும் மூடியிருக்கும். மேலே எச்சரிக்கை வாசகம் ஒன்று ஒட்டியிருக்கும். சுவரிலிருந்து 110 வோல்ட்டாகவோ 230 வோல்ட்டாகவோ உள்ளே வந்த மின்சாரம், இந்தக் கூண்டை விட்டு வெளியேறும்போது கறுப்பு-வெள்ளைப் பெட்டியில் சுமார் பத்தாயிரம் வோல்ட்டாகவும், வண்ணப் பெட்டியில் இருபதாயிரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகிவிட்டிருக்கும். படக்குழாயின் கழுத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்களைத் திரையில் மோதி ஒளிரும் வேகத்துக்கு இழுத்துச் செல்வது அந்த அழுத்தம்தான்.

அறுபது எழுபது வயதான இத்தகைய பெட்டிகளை மறுபடி ஒளிரச் செய்கிறவர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பிலும் கவலையிலும் பெரும்பங்கு இந்தக் கூண்டுக்குத்தான் போகிறது. மரப்பெட்டியை மெருகேற்றிவிடலாம். உடைந்த குமிழைப் புதிதாக வார்த்துவிடலாம். கூண்டுக்குள் இருப்பது போய்விட்டால் பெட்டி அன்றோடு ஊமை. ஏன் அப்படி என்பதை அறிய, அந்த மின்னழுத்தம் பிறந்த கதையைச் சற்றுப் பார்த்துவிட வேண்டும்.

*

1936 நவம்பர் 2 அன்று லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையிலிருந்து பிபிசி தன் முறையான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. பேர்டின் 240 கோட்டு முறையும் மார்க்கோனி-இஎம்ஐயின் 405 கோட்டு முறையும் மாறி மாறி ஒளிபரப்பாயின. சில மாதங்களில், 1937 பிப்ரவரியில், பேர்டின் முறை கைவிடப்பட்டது. அக்காலப் பெட்டிகளை வாங்கியவர்கள் வசதி படைத்த சிலரே. அப்பெட்டிகள் உயர் மின்னழுத்தத்தைப் பெற்ற விதம் மிக நேரடியானது. வீட்டு மின்சாரத்தையே பெரிய மின்மாற்றி ஒன்றால் நாலாயிரம், ஐயாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தினார்கள். அதை ஒரு வால்வால் நேர்மின்சாரமாக்கி, மின்தேக்கி ஒன்றில் நிரப்பினார்கள்.

எளிய வழி, ஆனால் கொல்லும் வழி. தொட்டவரைக் கொல்வது வோல்ட் எண்ணிக்கை மட்டும் அன்று. அதன் பின்னால் எவ்வளவு மின்னோட்டமும் ஆற்றலும் காத்திருக்கின்றன என்பதும் சேர்ந்துதான். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 5,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் தேங்கும் ஆற்றல் 1.25 ஜூல். அதற்கும் பின்னால், தளராமல் மின்னோட்டம் தரவல்ல ஒரு மின்மாற்றி நிற்கிறது. போருக்கு முந்தைய பெட்டியைத் திறக்கும் பழுதுபார்ப்பாளர் இன்றும் அதன் மேல் கை வைக்குமுன் ஒருமுறை தயங்குவது இதனால்தான்.

அந்தப் பெட்டிகளின் வாழ்வும் நீளவில்லை. 1939 செப்டம்பர் 1 அன்று, போர் வாசலில் நின்ற வேளையில், பிபிசி தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது 1946 ஜூன் 7 அன்று. அதற்குப் பின் வந்த பெட்டிகளில் மெல்ல வேறொரு வழி வேரூன்றியது. மின்சாரத்தைச் சுவரிலிருந்து நேரே உயர்த்தாமல், படம் வரைகிற செயலின் மிச்சத்திலிருந்தே எடுக்கும் வழி அது.

*

தொலைக்காட்சிப் படம் நாம் எழுதுகிற மாதிரியே எழுதப்படுகிறது. எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கிறது. வரி முடிந்ததும் ஒன்றும் எழுதாமல் விளிம்புக்குத் திரும்புகிறது. பிறகு அடுத்த வரி. அமெரிக்க 525 கோட்டு முறையில் இது நொடிக்கு 15,750 முறை நடக்கும். பிரிட்டனின் 405 கோட்டு முறையில் 10,125 முறை. ஏர் பூட்டிய மாடு கரை தொட்டதும் திரும்பி, வரும் வழியிலும் உழுதுகொண்டே வரும். இந்தக் கற்றை அப்படி உழுவதில்லை. வெறுங்கையோடு, ஆனால் வெகு வேகமாகத் திரும்புகிறது. அமெரிக்க முறையில் ஒரு வரிக்கான மொத்த நேரம் 63.5 மைக்ரோநொடி. அதில் திரும்புவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ பத்து.

கற்றையைத் திருப்புவது கழுத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்களின் காந்தப்புலம். வரி நெடுகச் சீராக ஏறிவந்த மின்னோட்டத்தை அந்தப் பத்து மைக்ரோநொடிக்குள் எதிர்த்திசைக்கு மாற்றியாக வேண்டும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு உயரமாக மின்னழுத்தம் எழும் என்பது இயற்கை விதி. ஆகவே ஒவ்வொரு திரும்பலின்போதும் ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்ட ஒரு துடிப்பு தானாகவே எழுகிறது. அடக்கி ஒழிக்க வேண்டிய தொல்லையாகத்தான் அது முதலில் தோன்றியிருக்கும். திரும்பும் ஆற்றலை வெப்பமாக வீணடிக்காமல் ஒத்ததிர்வு கொண்டு மீட்கும் முறையை இஎம்ஐயின் ஆலன் ப்ளம்லைன் 1930களின் தொடக்கத்திலேயே வகுத்திருந்தார். ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் நொறுங்கி 1942 ஜூன் 7 அன்று அவர் இறந்தார். பிரிட்டிஷ் தொலைக்காட்சி மீண்டும் கண் விழித்தது சரியாக நான்கு ஆண்டுகளுக்குப் பின், அதே நாளில்.

அந்தத் துடிப்பின் மேல் இன்னும் சில ஆயிரம் சுற்று மெல்லிய கம்பியைச் சுற்றி, மேலும் உயர்த்தி, படக்குழாய்க்கு ஊட்டுவதே அடுத்த அடி. 1946இல் அமெரிக்காவின் ஆர்சிஏ வெளியிட்ட 630-டிஎஸ் என்ற பத்து அங்குலப் பெட்டி இந்த வழியைப் பரவலாக்கியது. போருக்குப் பிந்தைய அமெரிக்கத் தொலைக்காட்சியின் மூல வடிவம் என்று அதைச் சொல்லலாம். பல நிறுவனங்கள் அதன் சுற்றமைப்பை அப்படியே எடுத்தாண்டன. அதன் மின்திருத்தி வால்வின் இழை ஒளிர்வதற்கான மின்சாரத்தைக்கூட அதே மின்மாற்றியின் மேல் தளர்வாகச் சுற்றிய கம்பிதான் தந்தது. கற்றை திரும்பினால்தான் இழை ஒளிரும். இழை ஒளிர்ந்தால்தான் திரை ஒளிரும்.

பாதுகாப்பிலும் இது பெரிய மாற்றம். 500 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று 10,000 வோல்ட்டில் தேக்குவது 0.025 ஜூல், முன்னர் சொன்னதில் ஐம்பதில் ஒரு பங்கு. தொட்டால் தூக்கி எறியும், கொல்வது அரிது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. பழைய பெட்டியில் உயர் மின்னழுத்தம் தனி உறுப்பு. கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். புதிய முறையில் படத்தை வரைவதும் ஒளியை ஊட்டுவதும் ஒரே மின்மாற்றியின் வேலை ஆகிவிட்டன. ஃப்ளைபேக் என்று அமெரிக்கர்களும் லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்று பிரிட்டிஷ்காரர்களும் அழைத்த அந்த ஒன்றின் மேல் மொத்தப் பெட்டியும் ஏறி உட்கார்ந்தது.

*

இப்போது முதுமைக்கு வருவோம். அந்த மின்மாற்றியைச் செய்த பொருள்கள் என்னென்ன? தலைமுடி போன்ற செம்புக் கம்பி, அதன் மேல் எனாமல் பூச்சு, அடுக்குகளுக்கு இடையே காகிதம் அல்லது துணி, எல்லாவற்றையும் மூடி மெழுகு. பத்தாயிரம் வோல்ட்டைத் தடுத்து நிற்பது, யோசித்துப் பார்த்தால், தேன்கூட்டையும் நோட்டுப் புத்தகத்தையும் நினைவூட்டும் பொருள்கள். ஆண்டுகள் போகப்போக மெழுகில் விரிசல் விழுகிறது. விரிசல் வழியே ஈரம் புகுகிறது. ஈரம் கண்ட இடத்தில் மின்சாரம் கசிய வழி தேடுகிறது. முதலில் இருட்டில் மட்டும் தெரியும் ஊதா நிற ஒளிவட்டம். பிறகு 'உஸ்' என்ற சீறலும், இடி மின்னலுக்குப் பின் காற்றில் மிதப்பது போன்ற ஓசோன் வாசனையும். முடிவில் ஒரு பொறி, கருகல், மௌனம். ஒரே ஒரு சுற்று பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டாலும் மின்மாற்றியின் ஆற்றல் முழுவதும் அங்கே வெப்பமாகிவிடும்.

ஆனால் இத்தகைய மின்மாற்றிகள் எல்லாமே தாமாக முதுமையடைந்து சாகவில்லை. பல கொலை செய்யப்பட்டவை. கொலையாளி மிக மலிவான ஓர் உறுப்பு. மின்மாற்றியை இயக்கும் வெளியீட்டு வால்வு தன்னைக் கட்டுப்படுத்தும் எதிர்மின்னழுத்தத்தை முந்தைய கட்டத்திலிருந்து வரும் அலையிலிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அலை வந்து சேர்வது மெழுகுக் காகித மின்தேக்கி ஒன்றின் வழியாக. காகிதம் ஈரம் குடித்துக் கசியத் தொடங்கினால் அந்தக் கட்டுப்பாடு கரைந்துபோகும். அலை முற்றாக நின்றாலும் அதே கதிதான். கடிவாளம் அறுந்த வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுக்கும். அதன் உலோகத் தகடு செந்நிறமாகப் பழுக்கும். சில நிமிடங்களில் மின்மாற்றியின் மெழுகு உருகி அடித்தட்டில் சொட்டும். சில காசுகள் பெறுமானமுள்ள காகிதச் சுருள், உலகில் இனி எவரும் செய்யாத ஒரு மின்மாற்றியைச் சாம்பலாக்கிவிடும்.

பரணில் கிடைத்த பழைய பெட்டியை ஆவலில் உடனே மின்சாரத்தில் செருகாதீர்கள் என்று அனுபவசாலிகள் மீண்டும் மீண்டும் சொல்வதன் காரணம் இது. முதலில் காகித மின்தேக்கிகள் அனைத்தையும் மாற்று. வெளியீட்டு வால்வின் பாதையில் சிறிய ஃபியூஸ் ஒன்றை வை. மின்னோட்டத்தை அளந்துகொண்டே மெல்ல ஏற்று. பெட்டி ஒளிர்கிறதா என்று பார்க்கும் ஆசைக்கு எழுபது ஆண்டுகள் காத்திருந்த ஒன்றைப் பலி கொடுக்காதே. பரணில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை அன்பினால் நடப்பவை.

இந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஒரு பகுதி அச்சில் இருக்கிறது. 1946 முதல் இண்டியானாபொலிஸின் ஹோவர்ட் சாம்ஸ் நிறுவனம் ஃபோட்டோஃபேக்ட் என்ற பெயரில், ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் படமெடுத்து, சுற்றுப்படமும் மின்னழுத்தப் பட்டியலும் சேர்த்து மடிப்பேடுகளாக வெளியிட்டது. பழுதுபார்ப்போரின் வேதம் அதுதான். மறுபகுதி உடம்பில் இருக்கிறது. உயர் மின்னழுத்தத்தருகே வேலை செய்யும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள். மின்சாரம் கையிலிருந்து கைக்கு நெஞ்சைக் கடந்து போக வழி தராதே. படக்குழாயை ஒருமுறை மின்னிறக்கம் செய்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதே. கண்ணாடியில் ஒளிந்திருக்கும் மின்னூட்டம் சிறிது நேரத்தில் மீண்டும் தலைதூக்கும். இவை குருவிடமிருந்து சீடனுக்குச் செவிவழியாக வந்தவை.

செவி என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொடிக்குப் பதினையாயிரம் முறை துடிக்கும் மின்மாற்றி மெல்லிய கூர்மையான விசில் ஒலி எழுப்பும். குழந்தைகளின் காதுக்கு அது நன்றாகக் கேட்கும். வயது ஏறியவர் காது அந்த உயரத்தை இழந்துவிடும். ஆகவே தாத்தாவின் கையால் உயிர் பெற்ற பெட்டி உயிரோடு இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிவது பெரும்பாலும் பேரக் குழந்தைகள்தாம்.

*

வண்ணம் வந்தபோது கூண்டுக்குள் ஆபத்து வேறு முகம் கொண்டது. 1954 மார்ச்சில் ஆர்சிஏ தன் சிடி-100 என்ற வண்ணப் பெட்டியை ப்ளூமிங்டன் ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. விலை 1,000 டாலர். அதன் 15ஜிபி22 படக்குழாய்க்கு ஏறத்தாழ 20,000 வோல்ட் வேண்டியிருந்தது. மின்னழுத்தம் தள்ளாடினால் மூன்று வண்ணக் கற்றைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகும். அதைச் சீராக வைக்க ஒரு வால்வை அமர்த்தினார்கள். திரையில் வெளிச்சமான காட்சி வந்தால் கற்றைகள் மின்னோட்டத்தைக் குடிக்கும். இருண்ட காட்சி வந்தால் குடிக்க ஆளில்லாத மின்னோட்டத்தை இந்த வால்வு தானே குடித்துவிடும். மொத்தச் சுமை மாறாது. ஆக, பார்ப்பவர் கண்ணில் படம் இருண்டிருக்கும் நொடியில்தான் கூண்டுக்குள் இந்த வால்வு அதிகம் உழைத்தது.

இருபதாயிரம் வோல்ட்டில் பாய்ந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தில் மோதினால் எக்ஸ் கதிர் பிறக்கும். 1967 மே மாதம், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் பெரிய திரை வண்ணப் பெட்டிகள் பல்லாயிரக்கணக்கில் அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் உமிழ்வதாகத் தெரியவந்தது. காரணம், மின்னழுத்தத்தைச் சீராக்கும் அதே வால்வு. அதன் கவசம் போதவில்லை. கதிர்கள் பெரும்பாலும் பெட்டிக்குக் கீழ்நோக்கிப் பாய்ந்தன. அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 1968 அக்டோபரில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெட்டியின் மேற்பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் மணிக்கு 0.5 மில்லிராண்ட்ஜனுக்கு மேல் கூடாது என்று வரம்பு விதித்தார்கள். மின்னழுத்தம் எல்லை மீறினால் படத்தையே நிறுத்திவிடும் காவல் சுற்றுகள் பின்னர் பெட்டிகளில் இடம்பெற்றன.

இதில் பழுதுபார்ப்பவருக்கு ஒரு பாடம் உண்டு. மங்கிய படத்தைப் பளிச்சென்று காட்ட உயர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பது சுலபமான தந்திரம், வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. சீராக்கும் வால்வு கிழடு தட்டிப்போனாலும் மின்னழுத்தம் தானே ஏறும். படம் நன்றாயிருப்பதுபோலவே தோன்றும். கண்ணுக்குத் தெரியாத கேட்டைக் கருவியால் அளந்து, படம் சற்று மங்கினாலும் சரியான அளவுக்கு இறக்கிவைப்பவரே நேர்மையான பழுதுபார்ப்பாளர். அவருடைய நேர்மைக்குச் சாட்சி அளவுமானியின் முள் மட்டுமே.

நம் ஊர்ப் பக்கமும் ஒரு பார்வை போடலாம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குள் உலகம் வால்விலிருந்து டிரான்ஸிஸ்டருக்குப் பாதி நகர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் திரும்பும் கோட்டின் மின்சாரம் மாறவில்லை. நம் தெருமுனைப் பழுதுக்கடைகளில் அந்த மின்மாற்றிக்கு 'ஈ.எச்.டி.' என்றும் 'எல்.ஓ.டி.' என்றும் பெயர். கடற்கரை ஊர்களின் உப்பீரக் காற்றில் படக்குழாயின் ரப்பர் மூடியருகே எழும் 'உஸ்' சத்தத்தை அந்த மெக்கானிக்குகள் நன்றாக அறிவார்கள். தட்டைத் திரை வந்த சில ஆண்டுகளில் அந்தக் கடைகளோடு அந்தக் காதும் போயிற்று.

*

இன்று ஒரு மீட்பாளர் என்ன செய்கிறார்? ஈரம் புகுந்த மின்மாற்றியை மெழுகு உருகாத மிதமான சூட்டில் மணிக்கணக்காக வாட்டி உலர்த்துகிறார். விரிசலில் புதிய மெழுகு ஊற்றுகிறார், அல்லது சிலிக்கோன் பூசுகிறார். அதிலும் கவனம் வேண்டும்: காடி நெடி வீசும் சாதாரண சிலிக்கோன் செம்பை அரித்துவிடும். சுற்றே அறுந்துபோனால் எண்ணி எண்ணிப் புதிதாகச் சுற்றுகிறார். காகித மின்தேக்கியின் உள்ளுறுப்பைச் சூடேற்றி வெளியே எடுத்துவிட்டு, பழைய உறைக்குள் புதியதை வைத்து, மறுபடி மெழுகால் மூடுவாரும் உண்டு. வெளியே 1948, உள்ளே இந்த ஆண்டு.

இது ஏமாற்றா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. தொடாமல் வைத்திருப்பதே வரலாற்றுக்கு மரியாதை என்பார் ஒருவர். பழைய கை இட்ட பற்றவைப்புகூட ஆவணம்தான், அதைக் கலைத்தால் திரும்பாது. ஒளிராத தொலைக்காட்சி வெறும் மரச்சாமான் என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஒளிரும் ஒவ்வொரு மணி நேரமும் படக்குழாயின் ஆயுளில் ஒரு மணி நேரத்தைத் தின்கிறது. ஒளிராமல் வைத்திருந்தாலும் முதுமை நிற்பதில்லை: சிடி-100இன் படக்குழாய்கள் பலவற்றில் கண்ணாடியும் உலோகமும் சேரும் விளிம்பு வழியே காற்று புகுந்து, சும்மா இருந்தபடியே அவை செத்துப்போயின. படக்குழாய்களைப் புதுப்பித்துவந்த ஹாக்-ஐ நிறுவனம் அயோவா மாநிலத்தில் 2010இல் மூடியது. அதன் கருவிகளை ஒஹையோவின் ஹில்லியர்டில் உள்ள தொடக்ககாலத் தொலைக்காட்சி அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டது. கருவி கைமாறிவிட்டது. அதை இயக்கிய கையின் பழக்கம் கைமாறுவது அவ்வளவு எளிதன்று.

அந்தப் பெட்டிகளுக்காக ஒளிபரப்பும் இப்போது இல்லை. 405 கோட்டு ஒளிபரப்பு 1985 ஜனவரியில் முடிந்தது. அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று பழைய அலைமுறையை விட்டன. இன்றைய படத்தைப் பழைய கோடுகளாக மாற்றித் தரும் சிறு கருவி வழியாகத்தான் அவை பார்க்கின்றன. மொழி செத்த பிறகு அதில் எழுதிக் காட்டுவது போல.

சுவடிகளோடு வாழ்ந்த சமூகம் நம்முடையது. பனையோலை நம் வெப்பத்திலும் செல்லரிப்பிலும் சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவதில்லை. உ.வே.சாமிநாதையர் கையில் கிடைத்தவை எந்தப் புலவரும் தம் கையால் எழுதிய ஓலைகள் அல்ல. பெயர்த்து எழுதியதைப் பெயர்த்து எழுதியதன் பிரதிகள். ஓலை அழிந்தது, பாட்டு நின்றது. நடுவில் எந்தத் தலைமுறையில் பெயர்த்தெழுதும் கை ஓய்ந்ததோ அந்தத் தலைமுறையோடு சில நூல்கள் பெயராக மட்டும் எஞ்சின. பெயர்த்தெழுதியவர்களை நாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதில்லை.

மின்மாற்றியை எண்ணிச் சுற்றுபவரும் பெயர்த்தெழுதுபவரே. கம்பி புதிது, மெழுகு புதிது. கோடு திரும்பும் விதமும் அதிலிருந்து ஒளி பிறக்கும் விதமும் பழையவை. ஒரே ஒரு நிபந்தனை: எதை மாற்றினோம், எதை விட்டோம், எத்தனை சுற்று, எந்த மெழுகு என்று ஒரு தாளில் எழுதிக் கூண்டின் உள்பக்கம் ஒட்டிவைக்க வேண்டும். நல்ல மீட்பாளர்கள் அதைச் செய்கிறார்கள். இன்னும் முப்பது ஆண்டு கழித்து அந்தக் கூண்டைத் திறக்கப்போகும் கைக்கு அது வேண்டியிருக்கும்.